என் கண்ணுக்குச் சக்தி போதாது

கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியும் முன், அது நமக்கு அவசியம்தானா என்று யோசிக்கும் வயதுக்கு வந்துவிட்ட நண்பர்களே, உங்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். கடைசியாக எப்போது பொறாமைப்பட்டீர்கள்? நான் முந்தாநாள். தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டு கிரைண்டர் சத்தமே போடாமல் ஓடுகிறது. திரும்பி வந்ததிலிருந்து என் வீட்டு கிரைண்டரோடு நான் பேசுவதில்லை.

அதே தங்கையின் மகள் மேல்நிலைப் பள்ளியில் உளவியல் சொல்லித் தருகிறாள். “பெரியம்மா, பாடத்தைச் சுவாரசியமா ஆரம்பிக்க ஏதாச்சும் வழி சொல்லுங்க. நீங்க நிறையப் படிச்சவங்க” என்று செய்தி அனுப்பியிருந்தாள். நான் நிறையப் படித்தவள் என்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாளாக உலவும் வதந்தி. தடிமனான கண்ணாடியால் வந்தது. ஆனாலும் உளவியல் பாடத்தைத் தொடங்குவது பற்றி எனக்கு ஒன்று தெரியும். ஒன்றே ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில், ஒன்பதாம் வகுப்பில், என்மீது நடத்திப் பார்க்கப்பட்டது.

எங்களுடையது கேரளத்துக்குள் இருந்த தமிழ்ப் பள்ளி. வடகரப்பதிப் பக்கம். எங்கள் காட்டுக் கிணற்றடியில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் கோயம்புத்தூர் ஜில்லாக்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பள்ளியில் பாடத்துக்குத் தொடக்கம் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. கணக்கு வாத்தியார் ஒரு தும்மலோடு தொடங்குவார். சமூக பாட வாத்தியார் பிரம்பால் மேசையை ஒரு தட்டுத் தட்டி, “நேத்து எங்க உட்டோம்?” என்பார். எங்கே விட்டோம் என்பது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. புத்தகம் விரிந்த பக்கத்திலிருந்து பாடம் கிளம்பும்.

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கம் கிழக்குக் காற்று. மலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி முழுவதும் அதற்கு வாசல். காயப்போட்ட வேட்டி அடுத்தவர் தோட்டத்தில் போய்க் காயும். பனை ஓலைகள் பகல் முழுக்க சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். வகுப்பில் எந்தத் தாளும் வைத்த இடத்தில் இருக்காது. அதனால் மார்கழி, தை இரண்டு மாதமும் ஆளுக்கொரு கல் கொண்டுவந்து தாளின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற ஊர்ப் பள்ளிகளில் பையில் கல் இருந்தால் அடி விழும். எங்கள் பள்ளியில் இல்லாவிட்டால் விழும்.

அந்தக் காற்றில்தான் டீச்சர் வந்து இறங்கினார். பாலக்காட்டு டவுனில் கோயில் தெருக்காரர். ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் சில வாரம் பாடம் எடுத்துப் பழகவேண்டும். பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைத்ததும் அவர் குடை மல்லாந்து தாமரைப் பூவாகிவிட்டது.

“ஐயோ, இதென்ன காத்து! கொடையோட என்னையும் சேத்துத் தூக்கிண்டு போயிடும் போலிருக்கே!”

அந்தத் தமிழை நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். எங்கள் தமிழையும் அவர் அப்படித்தான் கேட்டார்.

சமூக பாடம் போக, நன்னெறி வகுப்பில் கொஞ்சம் உளவியலும் நடத்திப் பார்க்கும்படி அவர் கல்லூரியில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். “மனசைப் பத்தின பாடம்” என்றார் டீச்சர். மனதைப் பற்றிப் படிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கடைசி பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். ஆனால் அவர் தொடங்கிய விதத்தில் முணுமுணுப்பு நின்றுபோனது. முதல் நாள், துண்டு போட்டு மூடிய ஒரு தட்டு. துண்டை எடுத்து, கண் சிமிட்டும் நேரத்தில் மறுபடி மூடினார். “என்னெல்லாம் இருந்தது? சொல்லுங்கோ.” பம்பரம், சாவி, எலுமிச்சம்பழம், உடைந்த வளையல், கடலைக்காய். எனக்கு அத்தனையும் தெரிந்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய பெஞ்சின் மேலேயே நின்றேன். டீச்சர் என் அத்தை மகளைக் கூப்பிட்டார்.

அத்தை மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அப்பாவின் அக்கா மகள். எங்கள் தோட்டத்துக்கு அடுத்தது அவர்கள் தோட்டம். எனக்கு ஒத்த வயது. அதுவரை அவள்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பொறாமைப்பட அவளிடம் எதுவும் இல்லை என்பதுதான் எங்கள் நட்பின் அஸ்திவாரம். அன்று அவள் எழுந்து, “பம்பரமுங்க... அப்பறம் என்னமோ மஞ்சளா இருந்துச்சுங்க” என்றாள். “ஆஹா, பலே!” என்றார் டீச்சர். என்னமோ மஞ்சளாக இருந்ததற்கு ஒரு பலே.

அடுத்த வகுப்பில் மூன்று சட்டி. ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் பானைத் தண்ணீர், நடுவில் வெதுவெதுப்பு. ஒரு கையைச் சூட்டிலும் மறு கையைக் குளிர்ச்சியிலும் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் நடுச்சட்டியில் விட்டால் ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிரும், மறு கைக்குச் சுடும். கையை விட்டவள் அத்தை மகள். அதற்கடுத்து, கண்ணைக் கட்டி வாசனை கண்டுபிடிக்கும் ஆட்டம். கண் கட்டப்பட்டவள் அத்தை மகள். சீயக்காயை முகர்ந்து “கொத்தமல்லிங்க” என்றாள். “மனசு எப்படியெல்லாம் ஏமாத்தறது பாருங்கோ!” என்று டீச்சர் பூரித்துப்போனார். இங்கே ஏமாற்றப்பட்டது யாருடைய மனசு என்று கேட்க எனக்கு வாய் துடித்தது.

பிறகு வந்தது கண்ணாடிக் குண்டு. தாள் பறக்காமல் வைப்பது. உள்ளங்கை அளவு, அடிப்பக்கம் தட்டை. உள்ளே ஒரு சிவப்புப் பூவும் அதைச் சுற்றி நீர்க்குமிழிகளும். வெயிலில் பிடித்தால் பூ பெரிதாகும், சாய்த்தால் சிறிதாகும். எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்று தெரியாது. டீச்சர் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி உயர்த்திக் காட்டிவிட்டு, அத்தை மகளின் தாளின்மேல் வைத்தார்.

“இனிமே உனக்குக் கல்லு வேண்டாம். இது உங்கிட்டயே இருக்கட்டும்.”

அன்று காற்று பலமாக இருந்தது. எங்கள் தாள்கள் கல்லுக்கடியில் படபடவென்று அடித்துக்கொண்டன. அவள் தாள் மட்டும் தூங்கும் குழந்தைபோல் கிடந்தது. என் கல் வாய்க்கால் ஓரம் பொறுக்கிய கருங்கல். ஒரு பக்கம் கோழி எச்சம். அதுவரை நான் கவனித்ததில்லை.

சாயங்காலம் வரப்பில் நடக்கும்போது கேட்டேன்.

“ஏம்புள்ள, அதுக்குள்ள பூவு எப்படிப் போச்சு?”

“ஆருக்குத் தெரியும்? ஒரே கனமுடி. தோளு வலிக்குது. நீ கொஞ்ச தூரம் கொண்டாறயா?”

கொண்டுபோனேன். மறுநாளும் கொண்டுபோனேன். அவளுக்குத் தோள் வலி, எனக்கு வயிற்றெரிச்சல். இரண்டும் ஒரே குண்டால். அவர்கள் தோட்டத்துப் படல் வந்ததும் கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். வாங்கும்போது ஒரு நன்றியோ ஒரு பெருமையோ முகத்தில் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஒன்றும் இருக்காது. தண்ணீர்ச் செம்பை வாங்குவதுபோல் வாங்குவாள்.

பொறாமை எனக்கு மட்டும் வந்த நோய் அல்ல. சமூக பாட வாத்தியார் தம் வகுப்பு கைவிட்டுப் போனதிலிருந்து தாழ்வாரத்தில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் எட்டாம் வகுப்பில் அவரும் துண்டு மூடிய தட்டோடு நுழைந்தாராம். துண்டை எடுத்தால் உள்ளே பிரம்பு. “இப்ப என்ன பாத்தீங்க?” என்று கேட்டாராம். அதை ஒருவரும் மறக்கவில்லை.

அந்த வாரம் டீச்சர் எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். “எங்க காலேஜ்லேர்ந்து ஸார் வரார், என் க்ளாஸைப் பாக்க. தொடக்கம் நன்னா அமைஞ்சா நான் பாஸ். இல்லேன்னா ஆத்துல பாத்து வெச்சிருக்கற வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். நீங்கதான் என்னைக் காப்பாத்தணும், கேட்டேளா?”

நான் முடிவு செய்துவிட்டேன். அந்த ஒரு நாள் தொடக்கத்துக்கு டீச்சர் என்னைக் கூப்பிடவேண்டும். சீயக்காயையும் கொத்தமல்லியையும் பிரித்தறியத் தெரிந்தவள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள் என்று அந்த ஸாருக்குத் தெரியவேண்டும். தட்டில் எதை வைத்தாலும் சொல்வதற்காக, வீட்டில் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை மூடித் திறந்து பயிற்சி செய்தேன்.

இதற்கிடையில் அத்தை மகளுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. தோட்டத்தில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கடலையை வயிறு முட்டத் தின்று, மேலே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆனால் அத்தை கடலையைச் சந்தேகிக்கவில்லை. சொந்தத் தோட்டத்துக் கடலை அப்படிச் செய்யுமா?

“பள்ளிக்கூடத்துல எல்லாப் பயலுவ கண்ணும் இவ மேலதான். அந்தக் கண்ணாடி உருண்டை வந்ததுலருந்து புள்ளை சோறுங்கறதில்லை. கண்ணு பட்டுப்போச்சு!”

கண்ணேறு கழிக்க எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. யார் யார் கண் பட்டிருக்கும் என்று நினைக்கிறோமோ அவர்கள் மிதித்த இடத்து மண்ணை, அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கவேண்டும். மிளகாயும் உப்பும் சேர்த்து, பட்டவரைச் சுற்றி அடுப்பில் போடவேண்டும். மிளகாய் எரிந்தால் நெடி கமறத்தானே வேண்டும்? கமறினால் கண் எதுவும் இல்லை. கமறாவிட்டால் கண் பட்டது நிச்சயம். அந்தக் கண்ணே நெடியைத் தின்றுவிட்டது.

ஸார் வருவதற்கு முதல் நாள், பள்ளி விடும் நேரத்தில் அத்தை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். காற்றில் காலடி அழிவதற்குள் எடுக்கவேண்டும் என்பதால் ஒரு கையால் மண்ணை மறைத்து, மறு கையால் கிள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டார்.

“என்னங்கம்மா தேடறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க சாமி, காதுத் திருகாணி உளுந்துருச்சுங்க.”

அவர் நல்ல மனிதர். கூடவே குனிந்து தேடினார். அவர் தேடிய இடமெல்லாம் அவர் காலடி. அத்தை அதையும் கிள்ளிக்கொண்டாள். கணக்கு வாத்தியார் மண், சமூக பாட வாத்தியார் மண், பியூன் மண், கடைசி பெஞ்சுக்காரி மண், பஸ்ஸுக்கு ஓடிய டீச்சர் மண். திருகாணி தேடவில்லை என்பது ஹெட்மாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நான் அத்தை எதிரில், குதிகாலை நன்றாக அழுத்தி நடந்தேன். அவள் குனியவில்லை. எதையோ மறந்தவள்போல உள்ளே போய், மறுபடி அழுத்தி நடந்து வந்தேன். குனியவில்லை.

“ஏனுங்கத்தே, என்ற காலடி மண்ணு?”

அத்தை சிரித்துவிட்டாள். என் கன்னத்தைக் கிள்ளினாள்.

“போடி பைத்தியம். நீ எங்கூட்டுப் புள்ளையாட்டம். உன்ற கண்ணு பட்டா பச்சைத்தண்ணி கூடச் சுடாது!”

பெரியவர்கள் என்னை எத்தனையோ தடவை தவறாக எடை போட்டிருக்கிறார்கள். அத்தனை பாசத்தோடு போட்டது அன்றுதான். பத்துப் பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்காமல், அடுத்தவள் குண்டைத் தோளில் சுமந்து, உள்ளுக்குள் தணலாகக் கனன்றவள் நான். அந்தக் கடைசி பெஞ்சுக்காரி அத்தை மகளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவள் மண்ணுக்கு இருந்த மரியாதை என் மண்ணுக்கு இல்லை.

அன்று மாலை மிளகாய் அடுப்பில் விழுந்தபோது நானும் அங்கே இருந்தேன். நெடி வரவில்லை. “பாத்தீங்களா, துளி கமறல் இல்லை! ஊருக் கண்ணு மொத்தமும் எம்புள்ளை மேல!” என்றாள் அத்தை. அத்தை மகள் எழுந்து இரண்டு கும்பா கஞ்சி குடித்தாள். கடலை செரித்திருக்கும். சேதி அன்றைக்கே ஊரெல்லாம் போய்விட்டது.

மறுநாள் ஸார் வந்தார். தமிழ் கலந்து பேசும் மலையாளி. இரட்டை வேட்டி, கறுப்புச் சட்டக் கண்ணாடி. கடைசி பெஞ்சு அவருக்குத் தாழ்வாக இருந்ததால் முழங்கால் இரண்டும் முகத்தருகே வந்து நின்றன. அதன்மேல் தாளை வைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினார். அத்தை மகள் கன்னத்தில் பெரிய மைப் பொட்டோடு முதல் பெஞ்சில் இருந்தாள். நான் எண்ணெய் வைத்துப் படிய வாரி, கைகட்டி, கூப்பிடப்படத் தயாராக இருந்தேன்.

டீச்சர் கையில் தட்டு இல்லை, சட்டி இல்லை. நேராக வந்து அத்தை மகளின் தாளின்மேல் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்தார். தாள் பறந்து ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

“இன்னிக்குப் பாடம் பொறாமை. பாடத்தை நான் இன்னிக்குத் தொடங்கலை, கொழந்தைகளா. அன்னிக்கே தொடங்கியாச்சு. எல்லாத்துக்கும் இவளையே கூப்பிட்டேனே, இதை இவளுக்கு மட்டும் குடுத்தேனே, எல்லாம் வேணும்னேதான். இப்போ நெஜத்தைச் சொல்லுங்கோ. யாருக்கெல்லாம் இவ மேல பொறாமை வந்தது? கையைத் தூக்குங்கோ பாக்கலாம்.”

நல்ல தொடக்கம். இன்றைக்கும் சொல்வேன். எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊரிலும் நாற்பது கை எழுந்திருக்கும். இங்கே முதல் நாள்தான் அடுப்பு தீர்ப்புச் சொல்லியிருந்தது. கையைத் தூக்கினால், “அவளைப் படுக்கவைத்த கண் என்னுடையதுதான்” என்று ஊருக்கு முன்னால் சொன்னதாகிவிடும். எல்லோரும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மண்ணும் எரிந்தது என்பதுகூடத் தெரியாது.

“ஒத்தருக்குக்கூடவா இல்லை?” டீச்சர் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். ஸாரின் பென்சில் ஏதோ எழுதியது. ஜன்னல் கதவு படீரென்று அடித்தது. டீச்சரின் முகத்தில் அந்த வரன் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

நான் கையைத் தூக்கினேன். டீச்சரைக் காப்பாற்றத்தான் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. வகுப்பிலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே கேள்வி வந்திருக்கிறது. அதற்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

“எனக்குங்க டீச்சர்.”

வகுப்பு மொத்தமும் திரும்பியது. ஸார் முழங்கால்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“மோளே, இந்தப் பொறாமை எவிடெ தோணியது? ஒடம்புல எந்த இடத்துல?”

“இங்கீங்க ஸார்.” தொண்டைக்குக் கீழே காட்டினேன். “கடலைத் தோலு ஒட்டுனாப்பல இருக்குமுங்க. முளுங்குனாலும் போகாது, காறுனாலும் வராது. அவ குண்டை நாந்தானுங்க தெனமும் தூக்கிட்டுப் போனேன். அப்ப இன்னும் எச்சா இருக்கும். ராத்திரி அவளுக்குப் பதிலா நான் கொத்தமல்லியா சீயக்காயான்னு சொல்லிட்டுக் கெடப்பேனுங்க. அவ தாளு பறக்காம கெடக்கறப்ப, இந்தக் காத்து எதுக்கு இருக்குதுன்னு காத்து மேலயே கோவம் வருமுங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நடுவிலிருந்து ஒரு குரல்: “எனக்கும் அப்படித்தானுங்க, ஆனா வவுத்துலங்க!” “எனக்குக் காதுலங்க, சூடாவுமுங்க!” “அவளுக்குக் கொத்தமல்லியே தெரியலீங்க டீச்சர்!” ஒருத்தி பிடிபட்டுவிட்டால் மற்றவர்களுக்குத் தைரியம். வகுப்பு சந்தையாகிவிட்டது. அத்தனை பொறாமையும் பேசி முடியுமுன் மணி அடித்தது. டீச்சர் கரும்பலகையில் “பொறாமை” என்று எழுதியிருந்தார், அடுத்த வரி காலி.

ஸார் முழங்கால்களைப் பிரித்து எழுந்தார். “தொடக்கம் கேமமாயிட்டு, பிரமாதமா வந்தது. ஆனா பாடம் எவிடெ டீச்சரே?”

“மணி அடிச்சுடுத்தே ஸார்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். டீச்சர் பாஸ்.

எல்லோரும் போனபின் நான் மேசையருகே நின்று கேட்டேன். “அவளைப் பாத்து எதுக்குங்க டீச்சர் பொறுக்குனீங்க?” ஏதாவது ஒரு காரணம் இருக்கும், மனதைப் படித்தவருக்குத் தெரிந்த காரணம், என்று எதிர்பார்த்தேன்.

“அவ முதல் பெஞ்சுல ஓரமா இருந்தா. கூப்பிட சௌகரியம்.” என் தலையைத் தட்டினார். “அதான் எல்லாம் வேஷம்னு சொல்லியாச்சே. இனிமே ஒனக்குப் பொறாமை போயிடும், என்ன?” குண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கல்லூரி ஆபீஸில் இரவல் வாங்கியதாம்.

நான் தூக்கிய கை எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தை எங்கள் களத்துமேட்டில் காத்திருந்தாள்.

“ஏண்டி, நெசமாலுமா? அத்தனை பேருக்கு முன்னால எந்திரிச்சுச் சொன்னயாமா?”

“ஆமாங்கத்தே.” காலை நன்றாக ஊன்றி, ஒதுங்கி நின்றேன். இந்தத் தடவை குனிந்தாள். ஒரு சிட்டிகை அல்ல, ஒரு கை மண். எனக்குக் கர்வமாக இருந்தது. அத்தை மகளை மறுபடி உட்காரவைத்து, என் மண்ணை மட்டும் மிளகாயோடு சுற்றி அடுப்பில் போட்டாள்.

மிளகாய் வெடித்தது. அப்படி ஒரு நெடி. அத்தை இருமினாள், மாமா இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார், கட்டுத்தறியில் மாடு தும்மியது. அத்தை மகள் மைப் பொட்டு வழியக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி என்னைக் கட்டிக்கொண்டாள்.

“நாஞ்சொல்லல? எம்புள்ளை கண்ணுல ஒரு துளி விசமில்லை!”

இதையெல்லாம் தங்கை மகளுக்கு எழுதி அனுப்பினேன். “பெரியம்மா, இப்படிச் செஞ்சா இப்ப பெத்தவங்க வந்து சண்டை போடுவாங்க. வேற ஏதாச்சும் இருக்கா?” என்று பதில் வந்தது. அதோடு, அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு டீச்சர் அருமையாகப் பாடம் தொடங்குவதாகவும், பிள்ளைகள் அவளையே சுற்றிச் சுற்றி வருவதாகவும் ஒரு வரி. அந்த வரியில் என் மண்ணின் கமறலே இருந்தது.

அவளுக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. உங்களுக்குச் சொல்கிறேன். மறுநாள் காலை வகுப்பில் அத்தை மகளுக்கும் கல்தான். எல்லாம் சரியாகிவிட்டது, இருவரும் சமம், என்று நிம்மதியாக மூச்சு விட்டு அவள் பக்கம் திரும்பினேன். ஆற்றோரக் கல். முட்டை வடிவம். நடுவில் வெள்ளையாக ஒரு ரேகை, வரைந்ததுபோல. என் கல்லைப் பார்த்தேன்.

தொண்டைக்குக் கீழே கடலைத் தோல் வந்து ஒட்டிக்கொண்டது.